கயிற்றுக்கு உள்ளே

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு ஜோடி செருப்பு. மஞ்சள் நிறம், முனையில் வாத்து முகம் வைத்தது. ஒரு வார் அறுந்து சிவப்பு நூலால் தைத்திருந்தது. எங்கள் பிள்ளைகளில் யாருக்கும் அப்படிச் செருப்பு கிடையாது.

எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல் செருப்பில் ஆரம்பிக்கிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. கேட்டால் 'எனக்கென்ன, நல்லா இருக்கேன்' என்றுதான் எழுதப் போகிறாய். போனிலும் இப்போதெல்லாம் அதைத் தாண்டி ஒன்றும் சொல்வதில்லை. அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, 'இவளா இப்படிப் பேசறா? சின்னவகிட்ட இருந்து தொத்திக்கிச்சா?' என்கிறாள்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பொது மைதானத்தை ஒட்டி ஒரு கூடம். வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்கென்று விளையாட இடம் இல்லை. அதனால் காலையில் இரண்டு மணி நேரம் மைதானத்தின் ஒரு மூலையை எங்களுக்கு விட்டிருக்கிறார்கள். ஊஞ்சலும் மணல் தொட்டியும் அங்கேதான் இருக்கின்றன. நான்கு கம்பத்தைச் சுற்றி வெள்ளைக் கயிறு கட்டுவோம். கயிற்றுக்கு வெளியே எல்லாம் வழக்கம்போல நடக்கும். நடக்கிறவர்கள் நடப்பார்கள், பேப்பர் படிக்கிறவர்கள் படிப்பார்கள். சிலருக்கு எங்களைப் பிடிக்காது. 'ஊர் இடத்தைக் கயிறு கட்டிப் பங்கு போட்டாச்சு' என்று காதில் விழும்படி சொல்லிக்கொண்டே போவார்கள். புகாரும் போயிருக்கிறது. அதனால் பெரிய டீச்சர் கண்டிப்பாக ஒரு சட்டம் வைத்திருக்கிறார். கயிற்றுக்குள் நம் பிள்ளைகள் மட்டும்தான். வெளிப்பிள்ளை வந்து விழுந்து அடிபட்டால் அனுமதி போய்விடும்.

மணலுக்கு வந்ததும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றுவார்கள். நான் அதைக் கயிற்றோரம் வரிசையாக அடுக்குவேன். திரும்பும்போது வரிசை காலியாகிவிட்டால் எல்லாரும் வந்தாச்சு என்று அர்த்தம். வேறு இடங்களில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுவார்களாம். அத்தனை பேர் எதிரில் பெயரைக் கூப்பிட எனக்குக் குரல் வராது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதற்கே நான் என்ன செய்தேன்! பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டேன்.

மஞ்சள் செருப்புக்காரிக்கு நாலு வயதிருக்கும். முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருக்கிறது. கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து, செருப்பைக் கழற்றி வரிசையின் கடைசியில் ஒழுங்காக வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா தூரத்து பெஞ்சில் இருந்தாள், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. 'போ' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

டீச்சரிடமும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

உன்
வாயாடி


ஜூன் 9

என் தங்க வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். மேற்பார்வை மேடம் முறைத்தார். 'என் தங்கச்சி மேடம், வாயால பேச மாட்டா, இப்படித்தான் பேசுவா' என்றேன். சிரித்துவிட்டார்.

இனியும் இந்தத் தையல் கூடத்து விலாசத்துக்கே எழுது. வீட்டுக்கு வந்தால் உன் மாமாதான் முதலில் பிரிப்பார். அவருக்கு என்மேல் அக்கறை அதிகம். போனும் அவரிடம்தான் இருக்கும், நான் யாரிடம் பேசினாலும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வார். சாயங்காலம் ஐந்து மணிக்கு கேட்டில் வந்து நிற்கிறார், ஒரு நாள் தவறுவதில்லை. மற்ற பெண்களுக்கெல்லாம் பொறாமை.

எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள். கதவிடுக்கில் விரல் மாட்டிவிட்டது. என் கவனக்குறைவுதான்.

அந்தக் குழந்தை விஷயத்தை உடனே டீச்சரிடம் சொல். உனக்கு எதற்கு ஊர் வம்பு? யார் வீட்டுப் பிள்ளையோ, ஏதாவது ஆனால் உன் தலையில்தான் விடியும். இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சொல்லிவிட்டேன் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

முட்டிக்கு எண்ணெய் தேய்க்கச் சொல் அம்மாவை. தேய்க்க மாட்டாள், நீயே தேய்த்துவிடு.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டாதே. சொல்லவில்லை.

அவள் அம்மா என்னிடம் வந்து பேசினாள். 'உள்ள சேர்க்க அப்பா கையெழுத்தும் வேணுமாம்மா?' என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எதிர்த்தெரு டீக்கடையில் பாத்திரம் கழுவ அவளைக் கூப்பிடுகிறார்களாம். 'ஒரு ரெண்டு மணி நேரம்... உன்கூட இருக்கட்டுமா?' யார் என்ன கேட்டாலும் எனக்கு முடியாது என்று சொல்லத் தெரியாதே. மணல் படாமல் இருக்க எங்கள் பிள்ளைகளுக்கு நீல மேலங்கியும் தொப்பியும் உண்டு. மிச்சமிருந்த ஒன்றை இவளுக்கும் மாட்டிவிட்டேன். டீச்சர் அந்த நேரத்தில் கூடத்துக்குள் பால் காய்ச்சிக்கொண்டிருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பிள்ளையும் ஒன்று போலத்தான் தெரியும். பிள்ளைகள் அவளுக்கு 'சிட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு பொடியன் இருக்கிறான், எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்பான், அவனுக்குப் பெயரே ஏன்பாப்பா. அவன் கேட்டான், 'ஏன் சிட்டு பேச மாட்டேங்குது?' நான் என்ன பதில் சொல்ல? என்னையே அப்படித்தான் கேட்கிறார்கள்.

பயம் இதனால் இல்லை. திங்கட்கிழமை ஒருவர் வந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. மைதானத்துத் தோட்டக்காரரிடம் ஒரு போட்டோவைக் காட்டினார். பிறகு டீச்சரிடம் காட்டினார். நீளச் சடையோடு சிட்டு. அன்றைக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை.

'சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா டீச்சர். சின்ன மனஸ்தாபம். புள்ளைய நெனச்சாத்தான் தூக்கம் வரல' என்றார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் டம்ளரை நீட்டியபோது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

'உன்ன மாதிரிதான் எம்பொண்ணும். பயந்த சுபாவம். என் குரல் கேட்டா ஓடிப்போய் ஒளிஞ்சுக்குவா. மத்தவங்க கூப்பிட்டா வந்துடுவா.'

சொல்லிவிட்டு அதை ஒரு வேடிக்கை மாதிரி அவரே சிரித்தார். டீச்சர் கவனிக்கவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை அக்கா.

அன்றிலிருந்து அடிக்கடி வந்து பெஞ்சில் உட்காருகிறார். 'பொது இடம்தானே டீச்சர், கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன்' என்கிறார். யார் எழுந்து போகச் சொல்ல முடியும்? அவர் இருக்கிற நாளில் டீக்கடைப் பக்கம் நான் ஒரு நீலத் தொப்பியைக் கயிற்றில் மாட்டி வைக்கிறேன். பேசி வைத்திருக்கிறோம், அதைப் பார்த்தால் சிட்டுவை அனுப்ப மாட்டாள் அவள் அம்மா. ஆனால் அவர் எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்?

உன் விரல் எப்படி இருக்கிறது? உன் வீட்டுக் கதவு உள்பக்கம் திறப்பதா, வெளிப்பக்கமா? சும்மா கேட்கிறேன்.

உன்
வாயாடி


ஜூன் 23

அன்பு வாயாடி,

கதவைப் பற்றியெல்லாம் உனக்கு எதற்கு?

நான் சொல்வதைக் கேள். அந்த மனிதரிடம் போய்ச் சொல்லிவிடு. பெற்ற அப்பா. நீயும் அந்தத் தொப்பியும் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பிரித்து வைக்கிறீர்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும். கல்யாணமாகாத உனக்குப் புரியாது. ஆண்களுக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, அந்த ஒரு நிமிஷம்தான். அப்புறம் அவர்கள் படுகிற வருத்தம் நமக்குத்தான் தெரியும். அவர்களே ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்து ஒத்தடம் கொடுப்பார்கள், குழந்தை மாதிரி அழுவார்கள். அதைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும். அந்த அம்மா கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம். எல்லாரும் பொறுத்துத்தான் போகிறோம்.

அவள் எங்கே தூங்குகிறாள்? குழந்தையோடு எங்கே சாப்பிடுகிறாள்? அதை யோசித்தால் எனக்குத்தான் பயமாக இருக்கிறது. வீடு என்று ஒன்று வேண்டாமா?

சொல்லிவிடு. என் மேல் ஆணை.

மேடம் வருகிறார், முடிக்கிறேன்.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாளே நடந்துவிட்டது. இதை உட்கார்ந்து எழுத இத்தனை நாள் ஆயிற்று.

அன்று அவர் பெஞ்சில் இல்லை. சிட்டு வந்தாள், அவள் அம்மா கடைக்குப் போனாள். பாதி நேரம் போன பிறகு நிமிர்ந்து பார்க்கிறேன், அவர் நடைபாதையில் வந்துகொண்டிருக்கிறார். தொப்பியை மாட்டி என்ன பிரயோஜனம்? பிள்ளை ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள்.

கயிற்றோரம் வந்ததும் நின்றார். குனிந்தார். செருப்பு வரிசையைப் பார்த்தார். மஞ்சள் செருப்புக்கு வந்ததும் அவர் தலை அசையவில்லை. தொடவில்லை அக்கா. மெதுவாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அவர் பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை. எல்லாம் நீல அங்கி, தொப்பி, யார் எது என்று தெரியாது. அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் அதில் யார் கால் நுழைகிறது என்று பார்த்தால் போதும். நான்தான் அதை அவர் பக்கமாக, வரிசையாக, ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறேன்.

சொல்லிவிடு என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றேன். நிஜமாகச் சொல்லத்தான் எழுந்தேனோ என்னவோ. அதற்குள் சிட்டு அவரைப் பார்த்துவிட்டாள். அழவில்லை. ஒரு சத்தமும் இல்லை. கையில் இருந்த பொம்மை மண்வெட்டியைக் கீழே வைத்தாள். அவள் உட்கார்ந்திருந்த மணல் நனைந்தது.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியாது.

'இன்னைக்கு எல்லாரும் பூனை!' என்று கத்தினேன். 'பூனை எப்படி நடக்கும்? நாலு கால்ல! தலையக் குனிஞ்சுக்கிட்டு! வாங்க, பால் குடிக்கப் போலாம்!'

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. பிள்ளைகள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். ஏன்பாப்பா கேட்டான், 'ஏன் செருப்பு வேணாம்?'

'பூனை எங்கயாவது செருப்பு போடுமாடா?'

அது அவனுக்குச் சரியாகப் பட்டது. 'மியாவ்' என்று முதலில் கிளம்பியவன் அவன்தான். பின்னாலேயே எல்லாரும். நானும் தவழ்ந்தேன் அக்கா, பாவாடை மண்ணில் புரள, அத்தனை பேர் பார்க்க. பேப்பர் படிக்கிறவர்கள் சிரித்தார்கள். சிட்டு என் வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வந்தாள். சிமெண்ட் நடைபாதை சூடாக இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் பால் பாத்திரத்தோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். 'என்னடி கூத்து இது? செருப்பெல்லாம் எங்க? இது யாரு, புதுசா ஒண்ணு?'

கதவைச் சாத்தினேன். அதற்குள் வெளியே அவர் குரல். 'டீச்சர், என் பொண்ணு உள்ள இருக்கா. செருப்பு என் கையில இருக்கு. நான் வாங்கிக் குடுத்தது.'

ரொம்பத் தன்மையான குரல். அதைக் கேட்டதும் சிட்டு பாய்ச் சுருளுக்குப் பின்னால் நுழைந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சுச் சத்தம்கூட வெளியே வரக் கூடாது என்பது போல. பழகிய கை அக்கா அது. டீச்சரும் பார்த்துவிட்டார். பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

'அவர் கூப்பிட்டா மட்டும்தான் ஒளிஞ்சுக்குவாளாம் டீச்சர். அவரேதான் சொன்னார்' என்றேன்.

டீச்சர் கதவுச் சங்கிலியைப் போட்டுவிட்டு இடுக்கு வழியாகப் பேசினார். 'தாயாரைக் கூப்பிட்டு அனுப்பறேன். அதுவரைக்கும் பெஞ்சில உட்காருங்க. பொது இடம்தானே.'

அவர் நெடுநேரம் அதே தன்மையோடு பேசினார். நடுவில் ஒரே ஒரு தடவை கதவை உதைத்தார். தாழ்ப்பாளின் ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தது. உடனே பழைய குரலில் 'மன்னிச்சுக்குங்க டீச்சர்' என்றார். உதைத்ததைவிட அந்த மன்னிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

டீச்சர் போன் செய்ததில், பெண்களுக்கு உதவுகிற அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாவும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். தோட்டக்காரர் பின்வழியாகச் சிட்டுவின் அம்மாவை அழைத்து வந்தார். அவரை எச்சரித்து விட்டுவிட்டு, தாயையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிப் போனார்கள். எங்கே என்று எங்களுக்குச் சொல்லக் கூடாதாம்.

இப்போது எங்கள் நிலைமை இது. வெளிப்பிள்ளையை ஒளித்து வைத்தோம் என்று அவர் புகார் கொடுத்துவிட்டார். விசாரணை முடியும்வரை கயிறு கட்டக் கூடாது என்று உத்தரவு. பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை வைத்து ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டீச்சர் என்னைக் கிழித்துவிட்டார். 'இத்தனை நாள் எங்கிட்ட மறைச்சிருக்க! உன்னை இந்த நிமிஷமே வேலையை விட்டு அனுப்பணும். நாளைக்குச் சீக்கிரம் வா, தாழ்ப்பாள் மாத்த ஆள் வர்றான்.'

அவர் இன்னும் வருகிறார். முந்தாநாள் என் பின்னால் எங்கள் தெருமுனை வரைக்கும் வந்தார். 'பூனை நல்லா நடிச்சுது' என்றார். அவ்வளவுதான். தோட்டக்காரர் இப்போது என்னோடு வீடு வரைக்கும் நடந்து வருகிறார்.

அக்கா, ஐஸ் ஒத்தடம் என்று நீ எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ அந்த அம்மாவைப் பற்றி எழுதினாயா?

மாமா உன்னை அடிக்கிறாரா?

உன்
வாயாடி


ஜூலை 7

அன்புள்ள தங்கைக்கு,

என் பையில் இருந்த உன் கடிதங்களை என் கணவர் படித்தார். மிகவும் வருத்தப்பட்டார். அவர் என்னை நன்றாக வைத்திருக்கிறார். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பிறர் குடும்ப விஷயத்தில் தலையிடுவது தவறு என்று நீ உணர வேண்டும்.

இனிமேல் கடிதம் எழுத வேண்டாம். இந்த வாரத்தோடு வேலையை விடுகிறேன். வீட்டில் இருப்பதே எனக்கு நல்லது.

அம்மாவிடமும் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் சகோதரி


ஜூலை 10

அக்கா,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை இல்லை. உன் தையல் கூடத்து கேட்டுக்கு வெளியே, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ என்னை ஒரு நாளும் 'தங்கைக்கு' என்று எழுதியதில்லை. மாமாவை 'என் கணவர்' என்றும் சொன்னதில்லை. எழுத்து உன்னுடையது, பேச்சு வேறு யாருடையதோ.

அம்மாவுக்கு எல்லாக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கேயே நின்று, 'மிச்சத்தையும் படி' என்றாள். படித்து முடித்ததும் தன் படுக்கையைக் கூடத்துக்கு இழுத்துப்போட்டு, உள்ளறையைப் பெருக்கினாள். 'நான் கூப்பிட்டா வரமாட்டா, அழுதுடுவேன். நீ போ' என்றாள்.

அந்த அலுவலகத்து அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் இந்த ஊரில் உள்ள தங்கள் ஆளிடம் சொல்லிவிட்டார். அந்த ஆளும் இப்போது என்னோடு நிற்கிறார், குடை பிடித்துக்கொண்டு. வண்டி திருப்பத்தில் நிற்கிறது. நீ வந்தால் உடனே போய்விடலாம். வரவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாதாம், நீயே வர வேண்டுமாம். அதுதான் எனக்குப் பயம். மாமாவிடம்கூட அவ்வளவு பயம் இல்லை.

பையை எடுக்க வீட்டுக்குப் போகாதே. மாற்றுத்துணி நான் கொண்டுவந்திருக்கிறேன், என் அளவு, உனக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். பொறுத்துக்கொள். இப்போது மூன்று மணி. ஐந்துக்கு மாமா வருவார்.

நான் இங்கேதான் இருக்கிறேன்.

உன்
வாயாடி

பி.கு.: கேட் காவலாளி மேஜையில் வைத்து இந்த வரியை எழுதுகிறேன். யாரிடம் கொடுக்கணும் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். உள்ளே மெஷின் சத்தம், கேட்கல பாப்பா என்றார். சத்தமாகச் சொன்னேன்.